ஷெல் கண் மருத்துவமனை, வேலூர்: அம்மாவின் கண்புரை அறுவை

வேலூர் ஆரணி சாலையிலுள்ள ஷெல் மருத்துவமனையில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்தது. மனம் நிறைந்து எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு ஆண் மருத்துவர் வேண்டாமென்று வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்தார்கள்; அதைக் கண்டு மருத்துவம் படித்த மிஷனரி மகள் ஐடா ஸ்கடர், 1902-இல் திறந்த இடம் இது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் வேர் இங்கேதான்.

அறுவைக்கு முன் அம்மாவின் திருநீற்றை ஈரப்பஞ்சால் துடைத்த செவிலியர், "பொட்டலம் பத்திரமாக இருக்கட்டும் பாட்டி, ஒரு வாரம் போனதும் இட்டுக்கொள்ளுங்கள்" என்றார். கழுத்தில் சிறு சிலுவை. "ஜெபிக்கலாமா?" என்று கேட்டு, அம்மா தலையசைத்த பிறகே கண்களை மூடினார். மதத்தைப் பற்றி வேறு பேச்சே இல்லை.

இப்போது அம்மா ஊசியில் தானே நூல் கோக்கிறார். அடுத்த கண்ணுக்கும் அங்கேதான் போகிறோம்.