பிஸ்கோத்து சுடும் ஆச்சிகள்: மாவறையில் ஒரு குக்கி கிளிக்கர் விமர்சனம்

எங்கள் வீட்டில் சாயங்காலம் 4 மணிக்குக் கிரைண்டர் போட்டால் 7 மணி வரை ஓடும். மும்பை தாராவியின் 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் கீழே மாவறை, மேலே குடித்தனம். விடிகாலை மூன்றரைக்கு இட்லி ஊற்ற ஆரம்பித்தால் 6 மணிக்குள் சைக்கிள்காரர்கள் அலுமினியக் குண்டானைக் கட்டிக்கொண்டு சயான், மாட்டுங்கா, குர்லா என்று கிளம்பிவிடுவார்கள். தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த நாளிலிருந்து இதுதான் தொழில். கணக்கு எழுதுவது என் பொறுப்பு. உளுந்து ஆடும்போது பக்கத்தில் நிற்பதும் நான்தான்.

அந்த மூன்று மணி நேரத்தில் வேலை செய்வது கல், நான் காவல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட வேண்டும், விரலில் எடுத்துப் பதம் பார்க்க வேண்டும். வெளியே போக முடியாது. படம் போட்டால் கிரைண்டர் சத்தத்தில் வசனம் கேட்காது. இரண்டு வருடமாக இந்த நேரத்துக்கு எனக்குத் துணை குக்கி கிளிக்கர் என்ற கணினி ஆட்டம். கணக்கு எழுதும் பழைய லேப்டாப்பில், அலமாரித் தட்டில், மாவு தெறிக்காத உயரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

2013 ஆகஸ்டில் ஓர்டெய்ல் என்ற பெயரில் இயங்கும் பிரெஞ்சுக்காரர் ஜூலியன் தியென்னோ வெளியிட்ட ஆட்டம் இது. பிரவுசரில் இன்றும் இலவசம். 2021 செப்டம்பர் 1 அன்று கணினி ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் காசு கொடுத்து வாங்கும் பதிப்பும் வந்தது. அதற்கு மைன்கிராஃப்ட் ஆட்டத்துக்கு இசையமைத்த சி418 என்பவர் இசை போட்டிருக்கிறார். எனக்கு இசை கேட்காது என்பதால் இலவசப் பதிப்பே போதும்.

திறந்தால் இடப்பக்கம் ஒரு பெரிய குக்கி, அதாவது பிஸ்கோத்து. ஒரு தட்டு தட்டினால் ஒரு குக்கி. 15 சேர்ந்ததும் ஒரு கர்சர் வாங்கலாம். அது நமக்காகப் பத்து விநாடிக்கு ஒருமுறை தட்டும். 100 சேர்ந்தால் ஒரு பாட்டி. விநாடிக்கு ஒன்று சுடுவாள். 1,100-க்குப் பண்ணை, விநாடிக்கு 8. 12,000-க்குச் சுரங்கம், விநாடிக்கு 47. இப்படியே தொழிற்சாலை, வங்கி, கோயில் என்று போய்க் கால இயந்திரம், அதற்கு மேலும் வாங்கலாம்.

கணக்கு எழுதுகிறவனாகச் சொல்கிறேன், இதன் ருசி இந்த விலைப் பட்டியலில்தான் இருக்கிறது. கர்சருக்குப் போட்ட முதல் 150 விநாடியில் திரும்பி வரும். பாட்டிக்கு 100 விநாடி போதும். பண்ணைக்கு 137 விநாடி, சுரங்கத்துக்கு 255, தொழிற்சாலைக்கு 500. ஆகவே ஆரம்பத்தில் கர்சரை விடப் பாட்டிதான் லாபம். ஆனால் எதை வாங்கினாலும் அதன் அடுத்த விலை 15 சதவீதம் ஏறும். முதல் பாட்டி 100, இரண்டாவது 115, பத்தாவது 352. ஐம்பதாவது பாட்டிக்கு 94,000-க்கு மேல் கொடுக்க வேண்டும். அவளை மட்டும் நம்பினால் போட்ட முதல் திரும்ப ஒரு நாளுக்கு மேலாகும். அதற்குள் மேம்பாடுகள் வாங்கிப் பாட்டிகளின் கைவேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டும். இன்னொரு கிரைண்டர் வாங்குவதா, இருக்கிற கிரைண்டருக்குக் கல் கொத்துவதா என்று அப்பாவும் நானும் பேசிக்கொள்வது இதே கணக்குதான். ஆட்டத்தில் தப்பாகப் போனால் வீட்டுக்குப் பால் வாங்கக் காசில்லாமல் போகாது. அந்த நிம்மதியோடு முதலாளியாக இருந்து பார்ப்பது எனக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது.

சும்மா தட்டிக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தட்டுவது முதல் பத்து நிமிடம்தான். அப்புறம் கையை எடுத்துவிடலாம், எடுக்க வேண்டும். தண்ணீர் தெளித்துவிட்டு வந்து பார்த்தால் எண் ஏறியிருக்கும். அரிசியைக் கழுவிப் போட்டுவிட்டு வந்தால் இன்னும் ஏறியிருக்கும். நாம் இல்லாதபோதும் நம் காரியம் நடந்திருக்கிறது என்று வந்து பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. மாவுக்காரனுக்கு அது தெரியும். ராத்திரி உப்புப் போட்டுக் கலக்கி மூடி வைத்த பாத்திரத்தை விடிகாலையில் திறக்கும்போது மாவு மேலே எழும்பி, நடுவில் குழிக்குழியாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். முப்பது வருடமாகப் பார்க்கிற அம்மாவுக்கே அந்த முதல் பார்வையில் முகம் மலரும். அதே மலர்ச்சிதான் எனக்கு இந்த ஆட்டத்தில் கிடைக்கிறது.

எண்கள் மில்லியன், பில்லியன், டிரில்லியன் என்று ஓடும். என் நோட்டில் லட்சம் கோடி என்றே எழுதுகிறேன். ஆம்பல், வெள்ளம் என்று பேரெண்களுக்குப் பழந்தமிழில் பெயர் வைத்திருந்தவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள் என்று தோன்றும்.

ஆச்சிக்கு 78 வயது. மாவறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பாள். ஒருநாள் லேப்டாப் திரையில் வரிசை வரிசையாக வெள்ளைத் தலைப் பாட்டிகள் நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

“ஏல, இத்தன கெழவிகளும் யாருக்குல பிஸ்கோத்து சுடுதாளுவ?”

யாருக்கும் இல்லை ஆச்சி, சும்மா சேருது என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பண்ணைக்கான பாட்டி மேம்பாடு வாங்கினால் பாட்டிகளில் சிலர் பண்ணைக்காரியாகவும், சுரங்கத்துக்கானதை வாங்கினால் சிலர் சுரங்கத் தொப்பியோடும் நிற்பதைக் காட்டினேன். “வேலக்காரிகதான்” என்று தலையாட்டிவிட்டு முக்காலியை லேப்டாப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து தங்கக் குக்கி அவள் பொறுப்பு. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் 5 முதல் 15 நிமிடத்துக்குள் எப்போதாவது ஒருமுறை திரையின் ஏதோ ஓர் இடத்தில் மங்கலாகத் தங்க நிறத்தில் ஒன்று எழும். 13 விநாடிதான் நிற்கும். தட்டினால் சில நேரம் மொத்தமாகக் குக்கி கொட்டும். சில நேரம் 77 விநாடிக்கு உற்பத்தி 7 மடங்காகும். எனக்கோ அது எழும்போதெல்லாம் கை முழங்கை வரை உளுந்து மாவில் இருக்கும். கழுவித் துடைத்துவிட்டு வருவதற்குள் மறைந்துவிடும். ஆச்சி கண்ணில் அறுவை செய்து ஒரு வருடமாகிறது, பார்வை இப்போது கூர். “தங்கம் வந்துட்டுல, தட்டவா?” என்பாள். நான் தலையசைக்கும் முன்பே சுட்டுவிரலை மவுஸின் மேல் வைத்து, கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல ஒரே ஒரு அழுத்து அழுத்துவாள். அந்த 77 விநாடியும் எண் தடதடவென்று ஓடுவதை இரண்டு பேரும் பேசாமல் பார்ப்போம். அவ்வளவு நேரம் அவளோடு ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்தது, சின்ன வயதில் ரேடியோ முன்னால்தான்.

ஒரு கட்டத்தில் ஆராய்ச்சி மேம்பாடுகள் வரும். அவற்றைத் தொடர்ந்து வாங்கினால் பாட்டிகளின் முகமும் பின்னணியும் மாறிவிடும், கொஞ்சம் பயமாகவே இருக்கும். ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அதில் ஒரு வியாபாரம் உண்டு. பெரிய குக்கியைச் சுற்றிச் சுருக்கம் விழுந்த புழுக்கள் வந்து ஒட்டும். ஒவ்வொன்றும் வருமானத்தில் 5 சதவீதம் தின்னும். பத்துப் புழு சேர்ந்தால் கையில் வருவது பாதிதான். பதறக் கூடாது. அந்தப் பாதியை ஒவ்வொரு புழுவும் தனித்தனியாகத் தன் பெயரில் வரவு வைத்துக்கொள்கிறது. தட்டி உடைத்தால் தின்றதோடு 10 சதவீதம் மேல்போட்டுத் தருகிறது. போட்டுப் பார்த்தால் சாதாரண வருமானத்தைப் போல 6 மடங்கு. சந்தில் அம்மா கட்டும் சீட்டுகூட இப்படித் தராது.

குறை சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் பிரவுசரை மூடினால் உற்பத்தி நின்றுவிடும். திறந்தே வைத்திருக்க வேண்டும். மொத்தம் ஒரு லட்சம் கோடி குக்கி சுட்ட பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மறுபிறவி எடுக்கும் வசதி வருகிறது. அதற்கப்புறம் வாங்கும் மேம்பாடுகளில்தான் மூடியிருக்கும்போதும் கொஞ்சம் சேர வழி உண்டு. மறுபிறவியின் இரண்டாம் படிக்கு மொத்தம் 8 லட்சம் கோடி, மூன்றாம் படிக்கு 27. அவசரப்பட்டு முதல் படியிலேயே விட்டுவிட்டேன், கையில் ஒன்றும் நிற்கவில்லை. அடுத்த முறை சில நூறு படி சேரும் வரை பொறுத்தேன். அப்போதுதான் புதுப் பிறவி சூடு பிடித்தது.

சேமிப்பு விஷயத்தில் நான் அழாத குறை. ஆட்டம் நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமித்துக்கொள்ளும், ஆனால் அந்தப் பிரவுசருக்குள்ளேயே. போன வருடம் லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். இட்லிக் கணக்கு காகிதத்திலும் இருந்தது. ஏழு மாதப் பாட்டிகள் போயே போய்விட்டார்கள். ஆகவே இதைப் பழகிக்கொள்ளுங்கள்: அமைப்புகளில் எக்ஸ்போர்ட் என்று இருக்கும், அழுத்தினால் நீளமாக ஓர் எழுத்துக்கோவை வரும். அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணினியிலும் இம்போர்ட்டில் ஒட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நான் ஞாயிறுதோறும் அனுப்புகிறேன்.

இழந்த சோகத்தில் போனில் வேறொரு ஆட்டம் போட்டுப் பார்த்தேன், பெயர் வேண்டாம். அரை நிமிட விளம்பரம் பார்த்தால் இரட்டிப்பு, இன்னொன்று பார்த்தால் பெட்டி திறக்கும் என்று விடாமல் கையை நீட்டிக்கொண்டே இருந்தது. நடுராத்திரி “உங்கள் தொழிலாளர்கள் காத்திருக்கிறார்கள்” என்று மணியடித்தது. மூன்றரைக்கு எழ வேண்டியவனை இரண்டு மணிக்கு எழுப்பினால்? அன்றே தூக்கிவிட்டேன். விட்டுவிட்டுப் போக விடாத ஆட்டத்துக்கு, தானாக ஓடும் இந்த வகை ஆட்டங்களில் இடமே இல்லை என்பது என் கட்சி. 2010-இல் இயன் போகோஸ்ட் என்ற அமெரிக்கர், பேஸ்புக் ஆட்டங்கள் ஆட்களை இப்படி இழுப்பதைக் குத்திக்காட்டவே கவ் கிளிக்கர் என்று ஒன்று செய்தார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மாட்டைத் தட்டலாம், அவ்வளவுதான். அதையும் ஜனங்கள் விரும்பி ஆடினார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. காத்திருந்து வந்து பார்ப்பது மனிதருக்குப் பிடித்த காரியம். அதைக் காசாக்கப் பார்ப்பதுதான் தப்பு.

முடிவு இருக்கிற ஆட்டம் வேண்டுமென்றால் 2017-இல் பிராங்க் லான்ட்ஸ் செய்த யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ் ஆடிப் பாருங்கள். அதுவும் பிரவுசரில் இலவசம், வெறும் எழுத்தும் எண்ணும்தான், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அருமையான ஆட்டம். ஆனால் முடிந்த அன்று சாயங்காலம் மாவறை வெறிச்சென்றிருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் பேச்சு சர்க்கரைக் கட்டி பற்றியது. நூறு கோடி குக்கி சுட்ட பிறகு திரையின் மேலே ஒரு கட்டி தொங்க ஆரம்பிக்கும். பழுக்க ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். அதை வைத்துக் கட்டடங்களின் தரத்தை ஏற்றலாம். 20 மணி நேரம் ஆனதுமே பறிக்கலாம், ஆனால் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். நேற்று 7 மணிக்குக் கல்லைக் கழுவிவிட்டுப் பார்த்தேன், 20 மணி நேரம் தாண்டியிருந்தது. பறித்துவிடலாம் என்று மவுஸைக் கொண்டுபோனேன். ஆச்சி முக்காலியிலிருந்து எழுந்துவந்து என் கையைப் பிடித்தாள்.

“பொறுல. இன்னும் புளிக்கட்டும். காலைல மாவு தொறக்கும்போது பாத்துக்கிடலாம்.”