உலக வங்கியின் டேட்டாபேங்க்: சேகோ வியாபாரிக்கு எவ்வளவு பயன்?

சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம், சேகோவும் (ஜவ்வரிசி) ஸ்டார்ச்சும் செய்ய உதவும் குச்சிக்கிழங்கை (மரவள்ளி) எடை மட்டும் பார்த்து வாங்க மாட்டார்கள். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். உலக வங்கியின் ‘டேட்டாபேங்க்’ தளத்திலும் அதே கதைதான். நாடுகளின் பொருளாதார எண்கள் கொட்டிக் கிடக்கின்றன. எதில் சத்து இருக்கிறது என்று பார்த்து எடுக்க வேண்டும்.

இந்த எண்கள் 2010 முதல் காசில்லாமல் கிடைக்கின்றன. சேலத்து ஸ்டார்ச்சுக்கு வெளிச்சந்தையில் போட்டி தாய்லாந்தும் வியட்நாமும். அவர்களுக்குக் கிழங்கு அனுப்புவது கம்போடியாவும் லாவோஸும். நான்கையும் ஒரே அட்டவணையில் எடுக்க ‘வேர்ல்டு டெவலப்மென்ட் இண்டிகேட்டர்ஸ்’ என்ற தொகுப்புக்குப் போய் நாடு, குறியீடு, ஆண்டு மூன்றையும் டிக் செய்து ‘அப்ளை சேஞ்சஸ்’ அழுத்துங்கள். அழுத்த மறந்தால் இறங்குவது பழைய அட்டவணைதான்.

நாடுகளைத் தனித்தனியாகவே எடுங்கள். ‘கிழக்கு ஆசியா, பசிபிக் (உயர்வருவாய் நாடுகள் நீங்கலாக)’ என்ற தொகுப்பைத் தொட்டால் வருவது பெரும்பாலும் சீனாவின் கணக்கு. லாவோஸ் அதில் கடுகளவும் தெரியாது.

தனிநபர் ஜிடிபியில்தான் (நாட்டின் மொத்த உற்பத்தியை ஆள்கணக்கில் வகுத்தது) அதிகம் பேர் வழுக்குகிறார்கள். நடப்பு டாலர் (அந்தந்த ஆண்டின் விலையிலும் மாற்று விகிதத்திலும்), நிலையான விலை (விலையேற்றத்தை நீக்கியது), பிபிபி (வாங்கும் திறன் சமநிலை) என்று வகைகள் உண்டு. பிபிபி உள்ளூர் விலைவாசியைச் சரிக்கட்டிச் சொல்வது. அங்குள்ளவர்களின் வாழ்க்கைத்தரத்தை ஒப்பிட நல்ல அளவை. ஆனால் சரக்குக்குப் பணம் பிபிபி டாலரில் வராதே! 2022இல் லாவோஸின் கிப் நாணயம் சரிந்தபோது நடப்பு டாலரில் தனிநபர் ஜிடிபி இறங்கியது. நிலையான விலையில் பார்த்தால் அதே ஆண்டு வளர்ச்சி. இரண்டும் பொய்யில்லை. அங்கே சரக்கு விற்க நினைப்பவர் பார்க்க வேண்டியது முதலாவது.

வறுமைக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. நாளொன்றுக்கு 2.15 டாலராக இருந்த வறுமைக்கோடு 2025 ஜூனில் 3 டாலரானது. பழைய கோப்பின் வாலில் புதியதை ஒட்டினால் ஒரே இரவில் ஏழைகள் பெருகியதுபோலத் தெரியும்.

எக்செலில் இறக்கினால், தகவல் இல்லாத கட்டங்களில் இரண்டு புள்ளிகள் நிற்கும். எக்செல் அவற்றை எழுத்தாக எடுத்துக்கொண்டு கோட்டு வரைபடத்தில் பூஜ்யத்துக்கு இழுத்துவிடும். ‘ரீப்ளேஸ்’ போய் ‘மேட்ச் என்டயர் செல்’ டிக் செய்து வெறுமையாக்கிவிட்டு வரையுங்கள். குறியீட்டுப் பக்கத்தில் கிடைக்கும் சிஎஸ்வி கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. மேலே உள்ள நான்கு வரிகளை நீக்கினால் போதும்.

மரவள்ளி விலை இங்கே கிடைக்காது. இது பெரிய குறைதான். வங்கி மாதாமாதம் வெளியிடும் ‘பிங்க் ஷீட்’ என்ற சரக்கு விலைப் பட்டியலில் அரபிகா, ரோபஸ்டா காபி விலைகள் கிலோவுக்கு டாலரில் உண்டு. ஏற்காட்டுத் தோட்டக்காரர்களுக்கு அது ஒன்றே போதும். சேகோக்காரர்கள் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் ‘ஃபாவோஸ்டாட்’ புள்ளிவிவரத் தளத்துக்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும். அங்கே நம் கிழங்கின் பெயர் ‘கசாவா, ஃப்ரெஷ்’.