சி.டி.ஆர்.ஐ பதிவேடு: ஆபரேஷன் ஆய்வுக்குக் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியது

வேலூர் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஹெர்னியா, மூலம், பித்தப்பைக் கல், முழங்கால் என்று ஆபரேஷனுக்குச் சேர்கிறவர்களிடம் சில நேரம் ஓர் இளம் டாக்டர் நான்கைந்து பக்கத் தாளோடு வருவார். "இரண்டு முறையில் எது நல்லது என்று ஆய்வு செய்கிறோம், நீங்கள் சேர்கிறீர்களா" என்பார். குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வந்தவர் பக்கத்துப் படுக்கைக்காரரைக் கேட்பார், மகனுக்குப் போன் போடுவார், பிறகு கையெழுத்துப் போடுவார். அந்த இடைவெளியில் கைபேசியிலேயே இலவசமாகப் பார்க்கக்கூடிய ஓர் அரசு சேவை இருக்கிறது. இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான அதை டாக்டர்கள் சி.டி.ஆர்.ஐ என்பார்கள். நோயாளிக்கும் உடன் வந்தவர்களுக்கும் அது எவ்வளவு பயன்படுகிறது என்பதே இங்கே பேச்சு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் மருத்துவப் புள்ளியியல் நிறுவனம் 2007 ஜூலையில் இதைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட முதன்மைப் பதிவேடுகளில் இதுவும் ஒன்று. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே ஆய்வைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன் ஆய்வு பாதியில் இருக்கும்போதும், முடிந்த பிறகும்கூடப் பதிவு செய்ய இடம் இருந்தது. ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும் 'ப்ராஸ்பெக்டிவ்லி' அல்லது 'ரெட்ரோஸ்பெக்டிவ்லி' என்று ஒரு சொல் நிற்கும். முன்னது என்றால் ஆள் சேர்ப்பதற்கு முன் பதிந்தது, பின்னது என்றால் பிறகு பதிந்தது. பழைய ஆய்வைப் படிக்கும்போது முதலில் கண் போக வேண்டியது அங்கேதான். முடிவு தெரிந்த பிறகு பதிந்திருந்தால், எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னதாக ஆகாது.

தேடும் வசதி சுமார்தான். ஒப்புதல் தாளில் சி.டி.ஆர்.ஐ என்று தொடங்கி, ஆண்டு, மாதம், கடைசியில் ஆறு இலக்கம் கொண்ட ஓர் எண் இருந்தால் வேலை சுலபம். அதை அப்படியே போட்டால் பக்கம் வந்துவிடும். எண் இல்லாமல் நோயின் பெயரை வைத்துத் தேடினால் எழுத்துக்கூட்டலில் மாட்டிக்கொள்வோம். மூலத்துக்கு ஆங்கிலத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க முறை என இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு. ஒன்றைப் போட்டால் மற்றதில் எழுதியவை தப்பிவிடும். ஆகவே இரண்டையும் போட்டுத் தேடுங்கள். 'பைல்ஸ்' என்பதையும் தனியாகத் தேடிப் பாருங்கள். ஹெர்னியாவுக்கும் அப்படித்தான்: நோயின் பெயர் ஒருமுறை, 'ஹெர்னியோபிளாஸ்டி' என்ற ஆபரேஷன் பெயர் ஒருமுறை.

பெரிய குறை மொழி. பக்கம் முழுக்க ஆங்கிலம். 'பப்ளிக் டைட்டில்' என்ற வரி பொதுமக்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்பது நோக்கம். பல பதிவுகளில் அதற்குக் கீழே வரும் அறிவியல் தலைப்பையே கொஞ்சம் சுருக்கி அங்கே ஒட்டியிருக்கிறார்கள். பத்தாவது படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லலாம். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்குகிறவர்களுக்கும் இதே கஷ்டம்தான்.

பக்கம் திறந்ததும் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. ஐந்தாறு வரி போதும். அதில் முதலிடம் 'பிரைமரி அவுட்கம்' என்ற கட்டத்துக்கு. ஆய்வு எதை அளந்து வெற்றி தோல்வி சொல்லப் போகிறது என்பதும், எப்போது அளக்கிறது என்பதும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இந்தப் பதிவேட்டின் உயிரே அந்த இரண்டு வரிதான்.

ஹெர்னியாவையே எடுத்துக்கொள்வோம். வலை வைத்துத் தைக்கும் ஆபரேஷனைத் திறந்து செய்வதா, சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் செய்வதா என்று ஓர் ஆய்வு. பிரைமரி அவுட்கம்: 'வலி, 0 முதல் 10 வரையான அளவில்'. நேரம்: '6, 12, 24 மணி'. அந்த ஆய்வு கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லும். ஆனால் மூட்டை தூக்குகிறவருக்கும், தோல் தொழிற்சாலையில் பாரம் இழுக்கிறவருக்கும், நாள் முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்து கால் மிதிக்கிற நெசவாளிக்கும் வேண்டிய பதில் வேறு. ஹெர்னியா திரும்ப வருமா, தொடை இடுக்கில் மாதக்கணக்கில் வலி நிற்குமா, எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம் என்பதுதான் அவர்கள் கேள்வி. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் தாண்டியும் இருக்கிற வலியைத்தான் நாள்பட்ட வலி என்பார்கள். பன்னாட்டு ஹெர்னியா வழிகாட்டி நெறிகள் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஓரளவுக்காவது தொந்தரவு தரும் வலி நீடிப்பதாகச் சொல்கின்றன. 24 மணி நேரத்தில் அளப்பதை நிறுத்துகிற ஆய்வுக்கு இது கண்ணிலேயே படாது.

லேப்ராஸ்கோப்பியா, திறந்தா என்ற அந்தக் கேள்விக்கு அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வு இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தது. வலை வைத்துத் திறந்து செய்ததில் 4.9 சதவீதம் பேருக்கும், லேப்ராஸ்கோப்பியில் 10.1 சதவீதம் பேருக்கும் ஹெர்னியா திரும்ப வந்தது. ஆனால் 250க்கு மேல் லேப்ராஸ்கோப்பி ஹெர்னியா செய்து பழகிய கைகளில் அந்த வேறுபாடு இல்லை. லேப்ராஸ்கோப்பியில் தொடக்கத்தில் வலி குறைவு, அன்றாட நடமாட்டத்துக்கும் ஒரு நாள் முன்னதாகத் திரும்பினார்கள். ஆக, முறையின் பெயரை மட்டும் கேட்டால் போதாது, செய்யப்போகிற கை எத்தனை செய்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும். இரண்டு ஆண்டு காத்திருந்ததால்தான் இதெல்லாம் வெளியே வந்தது.

அடுத்து 'சாம்பிள் சைஸ்', அதாவது ஆய்வில் சேர்க்கும் ஆள் எண்ணிக்கை. இதைப் பிரைமரி அவுட்கத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வலி அளவில் ஒரு புள்ளி வித்தியாசம் கண்டுபிடிக்க, ஆளுக்கு ஆள் மாறுபாடு இரண்டு புள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்துக்கு, அதாவது ஒரு முறையில் சேரும் குழுவுக்கு, ஏறக்குறைய 63 பேர் போதும். ஹெர்னியா திரும்ப வருவது 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைகிறதா என்று பார்க்க, ஒரு பக்கத்துக்குச் சுமார் 1,140 பேர் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டாயிரத்தைத் தாண்டும். எனவே மொத்தம் 120 பேர் வைத்து 'திரும்ப வருவதை அளக்கிறோம்' என்று பதிவு சொன்னால், அந்தக் கணக்கு நிற்காது. இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். 60 பேரில் ஒருவருக்குக்கூட வலையில் சீழ் பிடிக்கவில்லை என்று முடிவு வந்தாலும், உண்மையான அளவு 5 சதவீதம் வரை இருக்க இடம் உண்டு. மூன்றை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த மேல் எல்லை கிடைக்கும். பூஜ்யம் என்றதும் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏன் இத்தனை சின்ன ஆய்வுகள்? அதற்கும் பதில் அதே பக்கத்தில் இருக்கிறது. 'போஸ்ட் கிராஜுவேட் தீசிஸ்' என்ற கட்டத்தில் ஆம் என்று இருந்தால், அது எம்.எஸ். படிக்கும் டாக்டரின் ஆய்வேடு. படிப்பு மூன்று ஆண்டு. ஆய்வுத் திட்டம் எழுதி, நெறிமுறைக் குழு அனுமதி வாங்கி, பதிவு செய்யவே மாதங்கள் போகும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவும் தேர்வுக்கு முன் கெடு இருக்கிறது. நடுவில் ஆள் சேர்க்கக் கிடைப்பது ஒன்றரை ஆண்டுதான். கடைசியில் சேர்ந்தவரை இரண்டு ஆண்டு பின்தொடர வழியே இல்லை. அந்த டாக்டரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. காலம் அவ்வளவுதான். ஆனால் இதில் சேர்கிற நோயாளிக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து வருபவருக்கு எந்த முறை என்பதை முன்கூட்டித் தெரியாமல் எப்படி மறைத்து வைக்கிறார்கள் என்று சொல்வது 'கன்சீல்மென்ட்' வரி. அதைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள். அங்கே 'வரிசை எண் இட்டு ஒட்டிய, உள்ளே தெரியாத உறை' என்றோ 'சென்ட்ரலைஸ்டு' (ஒரு மையத்திலிருந்து சொல்வது) என்றோ இருந்தால் நல்லது. 'ஓப்பன் லிஸ்ட்' (எல்லோரும் பார்க்கும் பட்டியல்), 'ஆல்டர்னேஷன்' (ஒருவர் விட்டு ஒருவர்), 'கேஸ் ரெகார்டு நம்பர்' (நோயாளியின் பதிவு எண்) என்று இருந்தால் உஷாராகப் படிக்க வேண்டும். காரணம் இதுதான். அடுத்து வருபவருக்கு லேப்ராஸ்கோப்பி என்று முன்கூட்டியே தெரிந்தால், எடை கூடியவரையோ இருதயப் பிரச்சினை உள்ளவரையோ 'இவர் வேண்டாம்' என்று டாக்டர் தன்னை அறியாமலே ஒதுக்கிவிடுவார். ஒரு பக்கம் திடகாத்திரமானவர்கள் சேர்ந்துவிடுவார்கள், அந்த முறை ஜெயித்தது போலத் தெரியும். ஆபரேஷனில் செய்கிற டாக்டரிடம் முறையை மறைக்க முடியாது. அதனால், பிறகு காயத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவருக்காவது எந்த முறை என்று தெரியாமல் இருக்கிறதா என்பதை 'பிளைண்டிங்' வரியில் பாருங்கள். 'அவுட்கம் அசெஸர்' என்ற சொல் இருக்க வேண்டும்.

மேல் பகுதியில் 'மாடிஃபிகேஷன்' என்று ஓர் இணைப்பு இருக்கும். பதிவில் பிறகு செய்த திருத்தங்களை அதில் பார்க்கலாம். ஆள் எண்ணிக்கை குறைந்ததா, பிரைமரி அவுட்கம் இடையில் மாறியதா என்பது அங்கேதான் வெளிப்படும். இது மிக நல்ல வசதி. எண்ணிக்கை மாறுவதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். அளவுகோலே மாறியிருந்தால் ஏன் என்று கேட்டே ஆக வேண்டும்.

பதிவேட்டின் பலவீனமான பகுதி முடிவுகள். அமெரிக்கப் பதிவேட்டில் முடிவுக்கென்று தனிப் பகுதி உண்டு, எண்களோடு அட்டவணை இருக்கும். இங்கே வெளியீட்டு விவரம் எழுதும் கட்டம் பல பதிவுகளில் காலியாகவோ 'இல்லை' என்றோ கிடக்கிறது. 'ஆள் சேர்ப்பு இன்னும் தொடங்கவில்லை' என்ற நிலை ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும் பதிவுகளும் உண்டு. ஆய்வில் உடம்பைக் கொடுத்தவர் 'கடைசியில் எது நல்லது என்று தெரிந்ததா' என்று திரும்பி வந்து பார்த்தால் பதில் கிடைக்காது. இது உண்மையிலேயே வருத்தம் தருகிற குறை. கட்டங்கள் இருக்கின்றன, நிரப்ப ஆள் இல்லை.

வெளியூர் நோயாளிகள் நிறைந்த வேலூருக்கு இன்னொரு சிக்கல் கூடுதலாக உண்டு. ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பின்தொடர்தலில் விட்டுப்போனால் முடிவை நம்புவது கடினம். காயம் ஆறியவர் வராமல் இருப்பார், சீழ் பிடித்தவரோ ஊர்ப்பக்கத்து டாக்டரிடம் போய்விடுவார். வலை வைத்த ஆபரேஷனில் ஆழமான சீழ் 90 நாள் வரை கணக்கில் வரும். அதனால் 'மறுபடி எப்போது வர வேண்டும், வர முடியாவிட்டால் போனில் கேட்பீர்களா, பஸ் செலவு யார் கொடுப்பார்கள்' என்று கேட்பது நோயாளிக்கும் நல்லது, ஆய்வுக்கும் நல்லது.

நோயாளிக்கு எது பயன் என்பதை அளக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1948இல் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இங்கே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். விரல் நிமிர்ந்ததோடு வேலை முடிந்தது என்று அவர் விடவில்லை. அந்தக் கையால் அவர்கள் தொழில் செய்து பிழைக்க முடிகிறதா என்று பார்த்தார், அதற்குப் பயிற்சி தர நவ ஜீவ நிலையம் உருவானது. பிரைமரி அவுட்கம் கட்டத்தில் எழுத வேண்டியது இப்படிப்பட்ட ஒன்றுதான்.

பணம் பற்றி: 'சோர்ஸ் ஆஃப் மானிட்டரி சப்போர்ட்' வரியில் வலை தயாரிக்கும் கம்பெனி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலே தவறு என்று இல்லை, தெரிந்திருந்தால் போதும். ஆய்வுக்காகக் கூடுதலாக எடுக்கும் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் நோயாளி பணம் கட்டத் தேவையில்லை. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது.

கையெழுத்துப் போட்டால் தகவல் தாளின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு வையுங்கள். நெறிமுறைக் குழுச் செயலரின் போன் எண் அதில் இருக்க வேண்டும். பதிவேட்டிலும் 'பப்ளிக் க்வெரி' என்ற தலைப்பில் ஒருவரின் பெயர், போன், மின்னஞ்சல் இருக்கும். பொதுமக்கள் கேள்வி கேட்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். தமிழிலேயே கேட்கலாம்: எதை அளக்கிறீர்கள், எத்தனை மாதம் பார்ப்பீர்கள், முடிவு வந்ததும் எங்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்.