ஈரல் அறுவைக்குப் பிறகு ஐஎல்-6 பார்ப்பதா, சிஆர்பி பார்ப்பதா?
சித்தப்பாவுக்கு ஈரலின் வலப்பக்கத்தை எடுத்த மூன்றாம் நாள். வார்டில் சித்தி கேட்டார்: "சிஆர்பி அவ்வளவா ஏறலையாமே, நல்லதுதானே தம்பி?" சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது. சிஆர்பியும் ஐஎல்-6உம் உடம்பில் அழற்சி எவ்வளவு என்று ரத்தத்தில் பார்க்கும் இரண்டு அளவுகள்.

முதலில் ஐஎல்-6, அதாவது இன்டர்லூக்கின்-6. ஈரலை வெட்டும்போது ரத்தம் கொட்டாமலிருக்க அதற்குப் போகும் குழாய்களை 15 நிமிடம் இறுக்குவார்கள், 5 நிமிடம் விடுவார்கள், மறுபடி இறுக்குவார்கள். ரத்தம் திரும்பப் பாயும்போது ஈரலுக்குள் இருக்கும் குப்ஃபர் செல்கள் என்ற காவல் செல்கள் உசுப்பேறி இந்த மூலக்கூறைக் கொட்டும். சில மணி நேரத்தில் ஏறி, பெரும்பாலும் முதல் நாளுக்குள்ளேயே உச்சம் தொட்டு இறங்கிவிடும். உடம்பு எவ்வளவு அடி வாங்கியது என்று இதுதான் முதலில் சொல்லும். வயிற்றைத் திறந்து செய்தால் கூடுதலாகவும், துளை போட்டுச் செய்தால் பொதுவாகக் குறைவாகவும் வரும். ஆனால் கூடினாலே கெட்டது என்று திட்ட முடியாது. ஐஎல்-6 மரபணு இல்லாத எலிகளுக்கு வெட்டிய ஈரல் சரியாக வளரவில்லை என்று 1996இலேயே காட்டிவிட்டார்கள்.

சிஆர்பி மெதுவானது, இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்கு வரும். மலிவு, எந்த மருத்துவமனையிலும் எடுப்பார்கள், டாக்டர்களுக்கும் பழகிய எண். சிக்கல் எங்கே என்றால், ஐஎல்-6 உத்தரவு போட சிஆர்பியைத் தயாரிப்பதே ஈரல்தான். பாதிக்கு மேல் வெட்டி எடுத்தபின் அங்கே வேலை பார்க்க யார் மிச்சம்? அதனால் சிஆர்பி குறைவாக இருந்தால் அழற்சி அடங்கியும் இருக்கலாம், மிச்ச ஈரல் திணறிக்கொண்டும் இருக்கலாம். ஈரல் கழிவை வெளியேற்றுகிறதா என்று காட்டும் பிலிருபினும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆரும் பக்கத்தில் இல்லாமல் அந்த எண்ணை நம்ப மாட்டேன்.

புரோகால்சிடோனின் என்று ஒன்றையும் சொல்வார்கள். கிருமித்தொற்றைக் காட்டும் என்று அதற்குப் பெயர், ஆனால் பெரிய ஈரல் அறுவையில் தொற்றே இல்லாமலும் முதல் ஓரிரு நாள் ஏறும்.

என்னைக் கேட்டால் முதல் 24 மணி நேரத்துக்கு ஐஎல்-6, எடுக்க வசதி இருந்தால். அப்புறம் சிஆர்பி, ஆனால் போக்கைத்தான் பார்க்கணும்: இறங்கிக்கொண்டிருந்தது நாலாம் நாளுக்கு மேல் திரும்ப ஏறினால் உடனே கேளுங்கள்.

மறுநாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது சித்தி சிஆர்பியை விட்டுவிட்டார். "மிச்சம் எவ்வளவு ஈரல் இருக்கு டாக்டர்?" என்றார்.