கடலோர வீட்டுக்கு எந்த கேஸ் அடுப்பு: எவர்சில்வரா, கண்ணாடியா?

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ குடியிருப்பவர்கள் அடுப்பு வாங்கும்போது விலைக்கு முன்னால் உப்புக்காற்றை யோசிக்க வேண்டும். ஜன்னல் கம்பியை அரிக்கிற காற்று அடுப்பை மட்டும் விட்டுவைக்காது.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது பாதிதான் உண்மை. அதில் கலந்திருக்கும் குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படிந்து துருவைத் தடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத்தான் அங்கங்கே துளைக்கும். நெத்திலிக் குழம்பு பொங்கி வழிகிறது, காலையில் துடைத்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுகிறோம். உப்பும் புளியும் ராத்திரி முழுக்க அங்கேயே காய்கின்றன. அடிக்கடி இப்படி விட்டால் பர்னரைச் சுற்றி ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் வரும். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் குழி போகாது.

இதில் தரமும் முக்கியம். 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மலிவான 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்ப்பார்கள். கடலோரத்தில் அது சீக்கிரம் கறை பிடிக்கும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம், 202-லும் காந்தம் ஒட்டாது.

கண்ணாடிக்குத் துருக் கவலை இல்லை. ஈரத்துணியால் ஒரு இழுப்பு, வேலை முடிந்தது. ஆனால் பாத்திரம் வைக்கும் ஸ்டாண்ட் பெரும்பாலும் பூச்சு அடித்த இரும்பு. அதைக் கழுவி ஈரத்தோடு வைத்தால் கால் பகுதியில் பூச்சு உரிந்து துரு ஏறும். அப்புறம், கடினக் கண்ணாடி என்றாலும் அதன் ஓரம் பலவீனம். குக்கர் ஓரத்தில் இடித்தால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். சூடாக இருக்கும்போது குளிர்ந்த ஈரத்துணி வைக்கவே கூடாது.

துடைப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பாத்திரம் கழுவும் லிக்விடும் மெத்தென்ற ஸ்பாஞ்சும் போதும். தீய்ந்த கறைக்கு ஆப்பசோடாவைக் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். அதிலேயே வினிகரை ஊற்றினால் நுரை பார்க்க நன்றாக இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் கறைக்குப் பெரிதாகப் பயனில்லை. போர் தண்ணீரின் வெள்ளைத் திட்டுக்கு வினிகரைத் தனியாகப் பயன்படுத்தலாம். கம்பி நார் இரண்டுக்குமே எதிரி: கண்ணாடியில் கீறல் போடும், ஸ்டீலில் இரும்புத் துகளை விட்டுப்போய்த் துருவுக்கு வழிசெய்யும். ப்ளீச்சிங் கலவையை ஸ்டீல் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

சின்னக் குடும்பம், இரண்டு மூன்று குக்கர்தான் என்றால் நான் கண்ணாடியைத்தான் சொல்வேன். விசேஷத்துக்கு அண்டா ஏற்றும் வீடு என்றால் 304 ஸ்டீல். ஆனால் ராத்திரியே துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும்.

எதை வாங்கினாலும் பித்தளை பர்னர் இருக்கட்டும். வெந்நீரில் புளி கரைத்து ஊறவைத்தால் கருப்பு விட்டுவிடும், அடைத்த ஓட்டையை ஊக்கால் குத்தி எடுக்கலாம். அலுமினிய பர்னரைச் சோடாவில் ஊறவைத்தால் கறுத்துப்போகும். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். அதற்கப்புறமும் தீ மஞ்சளாக எரிந்தால் ஏதோ ஒரு ஓட்டை இன்னும் அடைத்திருக்கலாம், மறுபடி கழற்றிப் பாருங்கள்.