பூண்டி நீர்த்தேக்கத்தில் பறவை நோக்கல்: ஒரு வழிகாட்டிச் சேவையைப் பற்றி

சென்னையிலிருந்து வேனில் பூண்டிக்கு அழைத்துச் சென்று நீர்ப்பறவைகளைக் காட்டும் ஒரு குழுவின் காலைப் பயணத்தில் மார்ச் தொடக்கத்தில் கலந்துகொண்டேன். நீர்த்தேக்கத்தின் நீர்மட்டத்தைக் கவனித்த பிறகே அவர்கள் பயணத் தேதியை அறிவிக்கிறார்கள் என்பதே இச்சேவையின் பெரிய சிறப்பு.

வேடந்தாங்கலில் நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பூண்டி முதலில் வெறும் நீர்வெளியாகவே தோன்றும். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த நீர்த்தேக்கத்தின் முழு உயரம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிரம்பியிருக்கையில் நீந்தி மீன் பிடிக்கும் நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா ஆகியவற்றுக்கே அதிக இடம் கிடைக்கிறது. மட்டம் இறங்கிச் சேறு வெளிப்பட்ட பிறகுதான் நடந்து இரை தேடும் பறவைகள் பெருமளவில் வந்து இறங்குகின்றன. ஈரச் சேற்றில் கொசு உள்ளான், முழங்கால் நனைய நெடுங்கால் உள்ளான், அதற்கும் அப்பால் புள்ளிமூக்கு வாத்து என்று, காலின் நீளத்தையும் நீரின் ஆழத்தையும் பொருத்திக் காட்டி வழிகாட்டி விளக்கியது அருமையான பாடம். ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து சென்னையின் குடிநீருக்காக வரும் கிருஷ்ணா நீர், இரு மாநில ஒப்பந்தப்படி ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலும் தரப்பட வேண்டியது என்பதால், பருவமழையை மட்டும் வைத்து இங்கே மட்டத்தைக் கணிக்க இயலாது என்பதையும் அவர் எடுத்துரைத்தார்.

வேன் நிறைய ஆட்கள் இருக்க, தொலைவிலுள்ள பறவைகளைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்றே ஒன்று. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, காய்ந்த ஏரிப் படுகையில் எல்லோரையும் இறங்கி நடக்கவிட்டதுதான். ஆட்காட்டிப் பறவை மார்ச் முதலே வெறுந்தரையில் முட்டையிடத் தொடங்கும். அம்முட்டைகளைக் கூழாங்கற்களிலிருந்து பிரித்தறிவது கடினம். ஓர் இணை எங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியபோது, வழிகாட்டி அதன் பெயரைச் சொன்னாரே தவிர, குழுவைத் திருப்பி அழைக்கவில்லை. நீர் திடீரென ஏறினால் அத்தகைய கூடுகள் மூழ்கும். நகரத்துக்குக் குடிநீர் வேண்டும் என்பதால் அதைத் தடுக்க வழியில்லை. ஆனால் காலில் மிதிபடுவதை நிச்சயம் தடுக்கலாம்.

பறவைகளின் வாழிடத்தை இவ்வளவு தெளிவாக விளக்கும் சேவை என்பதால், ஜனவரி, பிப்ரவரி மாதப் பயணங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மார்ச்சுக்குப் பிறகு செல்வோர், கரையிலிருந்து மட்டுமே பார்ப்பார்களா என்று முன்பதிவின்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். சொந்தமாக 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு வில்லை கொண்ட) பைனாகுலர் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.