மாநாட்டுக்கு ரூம் போட்டுத் தருகிறோம் என்று போன் வந்தால் பணம் அனுப்பாதீர்கள்

சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் மாநாடுகளுக்கு வெளியூரிலிருந்து போகிறவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். மாநாட்டுக் குழுவின் பெயரைச் சொல்லி, ஹோட்டல் அறை போட்டுத் தருவதாக ஒரு கும்பல் போன் செய்து பணம் பறிக்கிறது. திருநெல்வேலியிலிருந்து போன எனக்கும் என் ஆய்வு மாணவிக்கும் 11,328 ரூபாய் போனது.

"மேடம், கான்ஃபரன்ஸ் அக்காமடேஷன் டெஸ்க்ல இருந்து பேசுறோம். உங்க ஸ்டூடன்ட் பேப்பர் ரெண்டாம் நாள் மதியம்தானே?" என்றுதான் அந்த ஆள் ஆரம்பித்தான். கட்டுரைத் தலைப்பு, கல்லூரிப் பெயர், எந்த அரங்கு என்பது வரை சரியாகச் சொன்னான். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பிறகு தேடினால், மாநாட்டு இணையதளத்தில் இருந்த நிகழ்ச்சி நிரல் பிடிஎஃப்பில் எல்லோருடைய பெயரும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் வரிசையாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இரவுக்கு 3,200 ரூபாய், காலை உணவும் அரங்குக்குப் போக வண்டியும் உண்டு, சாயங்காலத்துக்குள் பணம் வராவிட்டால் பிளாக் ரிலீஸ் ஆகிவிடும் என்றான். மாநாட்டுக்காக ஹோட்டல்கள் அறைகளை ஒதுக்கி வைத்துக் குறிப்பிட்ட தேதியில் விடுவிப்பது நிஜமாகவே உள்ள வழக்கம். அதனால்தான் இந்தப் பேச்சு எடுபடுகிறது. மாநாட்டு முத்திரை போட்ட வவுச்சரும் உடனே வாட்ஸ்அப்பில் வந்தது.

ஹோட்டல் உண்மையான ஹோட்டல்தான். விடியற்காலையில் போய் நின்றால், ரிசப்ஷனில் இருந்த பெண் வவுச்சரை வாங்கிப் பார்த்துவிட்டுக் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். எங்கள் பெயர் எங்குமே இல்லை. "எங்க புக்கிங் நம்பர் இப்படி இருக்காதுங்க மேடம்" என்றார். பக்கத்து சோபாவில் பெட்டி படுக்கையோடு ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையிலும் அதே வவுச்சர். அன்றைக்கு நேரில் போய் அறை கேட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாடகை. மதியம் கட்டுரை வாசிக்க வேண்டிய பிள்ளை ரயிலில் வந்த சேலையோடு லாபியில் நின்றாள். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

உங்களுக்கும் இப்படி வவுச்சர் வந்தால் ஜிஎஸ்டி வரியை முதலில் பாருங்கள். 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான் வரி. எங்களிடம் 18 சதவீதம் போட்டு வாங்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு ஹோட்டலின் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கும், இதில் 07 என்று இருந்தது, அது டெல்லி. பணம் போன யுபிஐ கணக்கு தனிநபர் பெயரில் இருந்தது. கேட்டதற்கு அக்கவுன்ட்ஸ் மேனேஜர் பெயர் என்றார்கள். ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் போட்டு, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். போன் செய்தவன் கொடுத்த எண்ணில் விசாரித்துப் பிரயோஜனம் இல்லை.

அதோடு விடவில்லை. மறுநாள் அதே கும்பல், "தப்பு நடந்துபோச்சு, ரீஃபண்ட் போடுறோம், பின் நம்பரைப் போடுங்க" என்று யுபிஐ கோரிக்கை அனுப்பியது. நமக்குப் பணம் வர யுபிஐ பின் நம்பர் போடத் தேவையே இல்லை. என் மாணவி அதைப் பார்த்ததுமே நிராகரித்துவிட்டாள். உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்தோம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். எங்களுக்கு அந்த நேரம் கடந்திருந்தது. புகார் எண் மட்டும் கையில் இருக்கிறது.

வவுச்சரோடு வந்த வழிகாட்டிக் குறிப்பும் பொய்தான். கோயம்பேட்டில் இறங்கச் சொன்னார்கள். தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. ஆலந்தூர் மெட்ரோவிலிருந்து அரங்கு ஐந்து நிமிட நடை என்றும் போட்டிருந்தது. கத்திப்பாராவைத் தாண்டி மவுன்ட்-பூந்தமல்லி சாலையில் போக வேண்டும், பெட்டியோடு நடக்கிற தூரமே இல்லை. தெற்கிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் பரங்கிமலைக்கு வந்து அங்கிருந்து ஆட்டோ பிடிப்பது சுலபம். தங்குவதற்கு, அடையாற்றுப் பாலம் தாண்டி மணப்பாக்கம் பக்கம் மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்காகவே சர்வீஸ் அபார்ட்மென்ட்கள் நிறைய உண்டு. நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். கடைசியில் நாங்களும் அப்படித்தான் தங்கினோம்.

மாநாட்டுக் குழுவிடம் சொன்னோம். "எங்களுக்கு அக்காமடேஷன் டெஸ்க்கே கிடையாது, நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரியை முன்கூட்டியே இணையதளத்தில் போட்டிருந்தால் நாங்கள் மட்டுமில்லை, அந்தத் தம்பதியும் தப்பித்திருப்பார்கள். கைபேசி எண்களோடு அந்தப் பிடிஎஃப் இன்னும் அங்கேயே கிடக்கிறது. மாநாட்டுக் குழுவினரே, முதலில் அதை நீக்குங்கள்.